ஒரே விதை, வேறு வேறு தண்ணீர்: வடகடலில் பாசி வளர்த்துக் கற்றது

விதையாக நட ஒரே கொத்திலிருந்து ஒடித்த கடற்பாசி அது. பாதியைக் கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கட்டினோம். மீதியை இன்னும் உள்ளே, நீரோட்டம் இழுக்கிற இடத்தில் கட்டினோம். 45 நாள் கழித்து அறுத்து, காயவைத்து, தனித்தனிச் சாக்கில் கட்டி நிறுத்தினோம். வாங்க வந்தவர் இரண்டு சாக்கிலும் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். கரையோரச் சாக்கை நகர்த்தி வைத்துவிட்டு, "இது வேற விதையாம்மா?" என்று கேட்டார்.

வேறு விதை இல்லை. இரண்டுக்கும் ஒரே தாய். அவர் கேட்ட அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை. ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் வடகடலில் (பாக் விரிகுடாப் பக்கத்தை நாங்கள் வடகடல் என்போம், மன்னார் வளைகுடா எங்களுக்குத் தென்கடல்) பாசி வளர்க்கத் தொடங்கி வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக மிதவை போடுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு போகமாவது மிச்சமாகட்டும்.

என் அம்மா வளர்த்தவர் அல்ல, எடுத்தவர். தீவுப் பக்கம் வள்ளத்தில் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து வருவார். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எந்த மாதம் பாசி 'கனமாக' இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரே பாசிதானே, ஏன் இந்த இடத்தில் மட்டும் கனம் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "தண்ணி அப்படி" என்பார். அவ்வளவுதான் விளக்கம். இப்போது யோசித்தால் அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது என்று படுகிறது.

நாங்கள் வளர்ப்பது கப்பாஃபைகஸ் என்ற செம்பாசி. ஊரில் பெப்சி பாசி என்றுதான் பெயர், 2000 வாக்கில் அந்த நிறுவனம் இங்கே தொழிலாகத் தொடங்கி வைத்ததால். பாசியின் பூர்வீகம் பிலிப்பைன்ஸ். 1984-ல் ஜப்பான் வழியாகக் கொஞ்சம் விதை இந்தியாவுக்கு வந்தது. முதலில் குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்து, 90-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். இது வித்து முளைத்துப் பரவுகிற பயிர் இல்லை. கொப்பை ஒடித்துக் கட்டினால் அதுவே அடுத்த செடி. கரும்புக் கரணை மாதிரி. அப்போது வந்த அந்தக் கொஞ்சத்தை ஒடித்து ஒடித்துத்தான் இந்தக் கரை முழுவதும் பெருக்கினார்கள். அதனால் என் மிதவைப் பாசிக்கும் பக்கத்து மிதவைப் பாசிக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது விதையை அல்ல, தண்ணீரை.

முதலில் எடைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூங்கிலில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் மிதவை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. ஆக மிதவைக்கு 60 கிலோ. அடியில் வலை கட்ட வேண்டும், இல்லையென்றால் ஓரா மீன் கூட்டமாக வந்து இளங்கொப்பை மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஆளுக்கு 45 மிதவை வைத்துக்கொண்டால் நாளுக்கு ஒன்று அறுக்கலாம். அப்படித்தான் இங்கே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நல்ல பருவத்தில் 60 கிலோ, 45 நாளில் 240 கிலோ வரை வரும். நாளுக்கு மூன்று சதவீதம் வளர்ச்சி. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் அது வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுகிற எண். முதல் 30 நாளில் 60 கிலோ 150 ஆகிறது, கூடியது 90. அடுத்த 15 நாளில் 150 கிலோ 240 ஆகிறது, அதிலும் கூடியது 90. ஒரு மாதம் முழுக்க வந்த எடை கடைசி இரண்டு வாரத்தில் வருகிறது. தொடக்கத்தில் எங்கள் குழுவில் கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்று 30-ஆம் நாளே அறுத்துவிடுவோம். அடுத்த போகத்துக்கு 60 கிலோ விதை எடுத்து வைத்தால் கையில் நிற்பது 90 கிலோ பச்சை. காய்ந்தால் பத்தில் ஒன்று, 9 கிலோ. 45 நாள் பொறுத்தால் 180 பச்சை, 18 கிலோ காய்ந்த பாசி. 30 நாளில் பாதிதான் கிடைக்கிறது என்பது இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கும்வரை எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அதைவிடப் பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. பாசியை வாங்குவது அதிலிருக்கும் கராஜீனனுக்காக. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கிறார்களே, அந்தக் கூழ்ப்பொருள். நன்றாக விளைந்த பாசியில் காய்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவாக இருக்கும். இளசாக அறுத்த பாசியில் அளவும் குறைவு, கிடைக்கிற கூழுக்கும் கெட்டி குறைவு. கெட்டியாக இறுகுகிற கூழ் செடிக்குள் நேராக உருவாவதில்லை. முதலில் அதற்கு முந்திய ஒரு வடிவம் உருவாகி, நாள் ஆக ஆகத்தான் அது முற்றுகிறது. இளங்கொப்பில் முற்றாதது அதிகம்.

இதை யார் சொன்னாலும் முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் வீட்டிலேயே செய்து பார்த்தேன். 25 நாள், 35 நாள், 45 நாள், 60 நாள் என்று நான்கு கயிற்றிலிருந்து பாசி எடுத்துத் தனித்தனியாகக் காயவைத்தேன். ஒவ்வொன்றிலும் 20 கிராம். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, இரவு முழுக்க ஊறவைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி ஒரே நேரம் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி நான்கு டம்ளரில் ஆறவிட்டேன். 25 நாள் பாசி சரியாக உறையவே இல்லை. கஞ்சி மாதிரி நின்று, ஓரத்தில் தண்ணீர் விட்டது. 35 நாள் உறைந்தது, ஆனால் கரண்டி வைத்தால் சரிந்தது. 45 நாள் பாசி, டம்ளரைக் கவிழ்த்துத் தட்டியதும் அப்படியே முழுசாக விழுந்து நின்றது. 60 நாளும் ஏறக்குறைய அதே கெட்டிதான். ஆனால் அந்தக் கயிற்றில் கொப்பு கனம் தாங்காமல் முறிந்து பாதி கடலோடு போயிருந்தது. மதினி அந்த நான்கு டம்ளரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "இனிமே முப்பது நாள்ல கத்திய எடுத்தா நான் வரமாட்டேன்" என்றார். அதோடு எங்கள் குழுவில் அந்தப் பழக்கம் நின்றது. ஆய்வுக்கூடத்தில் எடுக்கிற அளவு இது இல்லை என்பது தெரியும். ஆனால் இரண்டு பாசியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அடுப்பும் டம்ளரும் போதும். ஒவ்வொரு குழுவும் ஒருதரமாவது செய்து பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கரையோரச் சாக்குக்கு வருகிறேன்.

கரையோரத்தில் கட்டினால் வேலை சுலபம். நடந்தே போகலாம், வள்ளம் வேண்டாம். ஆனால் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், கரையோரத்தில் சேறும் அதிகம். அங்கே தண்ணீர் சோம்பிக் கிடக்கும். பாசி வேரால் உறிஞ்சுவதில்லை, உடம்பு முழுவதாலும்தான் உறிஞ்சுகிறது. தண்ணீர் அசையாவிட்டால் கொப்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலத்தில் சத்து தீர்ந்துபோகும். பக்கத்திலேயே சத்து இருந்தும் செடி பட்டினி கிடக்கும். ஓட்டம் இருந்தால் அந்தப் படலம் ஓயாமல் புதுப்பிக்கப்படும், கொப்பில் படிகிற தூசியும் கழுவிப் போகும். சேறு படிந்த கொப்பில் வெளிச்சம் விழாது. அப்புறம் அதன் மேல் நூல்நூலாக வேறு பாசி பிடிக்கும். அந்த நூல்பாசி நம் பாசியின் தோலுக்குள்ளேயே காலூன்றிவிடும், பிய்த்தாலும் புள்ளி நிற்கும். அந்தச் சாக்கில் அவர் கையில் தட்டுப்பட்டது இதுதான்: சேறு, நூல்பாசி, சுருங்கி மெலிந்த கொப்பு. எடையில் பெரிய குறைவு இல்லை, 10 கிலோகூட வித்தியாசம் வரவில்லை. எடையை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு எதுவும் புரிந்திருக்காது.

அதனால் மிதவையை இறக்குவதற்கு முன்னால், நினைத்த இடத்தில் ஒரு பழைய கயிற்றை நங்கூரத்தோடு கட்டி 10 நாள் விட்டுவிடுங்கள். எடுத்துத் தடவிப் பாருங்கள். வழவழவென்று சேறு படிந்திருந்தால் அந்த இடம் வேண்டாம். சுத்தமாக இருந்தால் அங்கே ஓட்டம் போதும். கயிறே அறுந்துபோயிருந்தால் அங்கே ஓட்டம் அளவுக்கு மிஞ்சியது, பாசியும் அப்படித்தான் முறியும்.

வெப்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 2013 ஞாபகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடம்தான் இந்தத் தொழில் உச்சத்தில் இருந்தது. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினோம், நகையை மீட்டோம். அந்த வருடம் தொடங்கிப் பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது. முதலில் நுனி வெளுத்தது, பிறகு கொப்பு நடுவில் ஐஸ்கட்டி மாதிரி வெள்ளையாகி, தொட்டால் கையோடு குழைந்து வந்தது. இந்த நோய்க்கு உலகம் முழுக்கவே ஐஸ்-ஐஸ் என்றுதான் பெயர். ஒரு வாரத்தில் என் பங்கு மிதவைகளில் வெறும் கயிறுதான் மிஞ்சியது. விதைக்குக்கூட ஒரு கைப்பிடி இல்லை. கரையில் உட்கார்ந்து அழுதவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு மண்டபத்தில் நடந்த ஒரு பயிற்சியில்தான் காரணம் புரிந்தது. முதல் அடியைக் கிருமி கொடுப்பதில்லை. சூடு, உப்பு குறைவு, வெளிச்சக் குறைவு என்று ஏதோ ஒன்றால் செடி முதலில் தளர்கிறது, தளர்ந்த பிறகுதான் கடலில் எப்போதும் இருக்கிற பாக்டீரியா உள்ளே நுழைகிறது. இந்தப் பாசிக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம். 32-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. ஆழமில்லாத வடகடலில் சித்திரை, வைகாசியில் காற்று விழுந்துவிட்டால் அந்த அளவைத் தொடுவது பெரிய விஷயமில்லை. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலும் இந்தப் பக்கமும் பவளப்பாறைகளே வெளுத்துப்போயின. பவளத்துக்கே தாங்காத சூடு இந்த மெல்லிய கொப்புக்கு எப்படித் தாங்கும்?

அதற்குப் பிறகு ஒரு வெப்பமானி வாங்கினேன். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், விலை அதிகமில்லை. மாசி பிறந்தால் தினமும் மதியம் 2 மணிக்கு மிதவை ஆழத்தில் வைத்து, நோட்டில் எழுதுவேன். தொடர்ந்து மூன்று நாள் 31-க்கு மேல் போனால் மிதவைகளை ஆழம் கூடிய பக்கம் இழுத்துக் கட்டுவோம். கல்லைக் கட்டி மிதவையை இரண்டடி தாழ்த்தியும் பார்த்தோம். அதனால் சூடு அரை டிகிரிகூடக் குறையவில்லை, ஆழமில்லாத கடலில் தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே சூடுதான். ஆனால் வெயிலின் உறைப்பு குறைந்தது, நுனி வெளுப்பது தள்ளிப்போனது. தாழ்த்திய பாசி சில நாளில் கருஞ்சிவப்பாக மாறும். வெளிச்சம் குறைந்தால் அதைப் பிடிக்க இன்னும் நிறமி செய்துகொள்கிறது. மேலே தூக்கினால் பழுப்பாகிவிடும். இது நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

வெளுப்பு தொடங்கிவிட்டால் நாள் பார்க்காமல் அறுத்துவிடுங்கள், இதில் மட்டும் 45 நாள் கணக்கு வேண்டாம். வெளுத்த பகுதியில் கராஜீனன் அளவும் கெட்டியும் இரண்டுமே விழுந்துவிடுகின்றன. வெளுத்ததை ஒடித்துத் தனியாகக் கரைக்குக் கொண்டுவந்து போட வேண்டும். நல்ல பாசியோடு கலந்து எடையைக் கூட்டப் பார்த்தால் முழுச் சாக்குக்கும் விலை போய்விடும்.

மழை வேறு வகைத் தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகடலை நேராக அடிக்கும், மிதவை நொறுங்கும். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பது உப்புக் குறைவு. மழைத்தண்ணீர் லேசு, கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும், நம் மிதவையும் அதே மேல்மட்டத்தில்தான் நிற்கிறது. இந்தப் பாசிக்கு லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் நல்லது. 25-க்குக் கீழே வந்தால் கொப்பு தளரும். ஓடை வந்து விழுகிற பக்கம் மிதவை கட்டியிருந்த ஒரு குழுவுக்கு ஒரே பெருமழையில் எல்லாம் போனது, அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்காலத்தில் வருமானத்தை மறந்துவிட்டு விதையை மட்டும் காப்பாற்றினால் போதும் என்பது என் கருத்து. ஐந்தாறு மிதவைப் பாசியைக் காற்று மறைவான, ஓடை இல்லாத இடத்தில் ஆழமாகத் தாழ்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தை பிறக்கும்போது எல்லோரும் விதைக்கு அலைவார்கள், நீங்கள் அலைய மாட்டீர்கள்.

தையில் கடல் தெளிந்ததும் பாசி வளர்கிற வேகத்தைப் பார்த்தால் மனசு நிறையும். மழை நிலத்திலிருந்து அடித்துவந்த சத்து தண்ணீரில் இருக்கிறது, சூடும் இல்லை. கொப்பு கரும்பழுப்பாக, கொழுகொழுவென்று, ஒடித்தால் படக்கென்று முறியும். எங்கள் நோட்டில் மிக அதிக எடை பதிவானது எல்லாம் தை, மாசியில்தான். ஆனால் அந்தச் சமயத்துப் பாசியில் கூழ் கொஞ்சம் இளகல் என்று வாங்குகிறவர் சொன்னபோது, விலையைக் குறைக்கச் சொல்கிற பேச்சு என்றே நினைத்தேன். டம்ளர் சோதனை வைத்தேன். அவர் சொன்னது சரி.

காரணம் இதுதான். தண்ணீரில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி அதைக்கொண்டு புரதமும் நிறமியும் செய்து உடம்பை வளர்க்கிறது. தழைச்சத்து சுருங்கினால் வளர்ச்சி மெதுவாகும். ஆனால் வெயிலில் செய்கிற சர்க்கரையைச் செலவழிக்க வழியில்லாததால் அதைக் கராஜீனனாகச் சேர்த்து வைக்கிறது. கனடாவில் வேறொரு செம்பாசியில் நெய்ஷ் என்ற விஞ்ஞானி இதைக் கண்டதால் அவர் பெயராலேயே நெய்ஷ் விளைவு என்கிறார்கள். வயலில் யூரியா கூடின நெல் பச்சைப்பசேலென்று தழைத்துவிட்டு மணி பிடிக்காமல் போகிறதே, ஏறக்குறைய அந்தக் கதை. ஆக, மிக வேகமாக வளர்ந்த பாசியிலேயே கூழும் மிக அதிகம் என்று நினைக்கக் கூடாது. தை, மாசிப் போகத்தை நாங்கள் இப்போது 45-க்குப் பதில் 50 நாள் விடுகிறோம். தண்ணீரில் சத்து குறையக் குறைய, கடைசி நாள்களில் கொப்பு கொஞ்சம் நிறம் வெளிறி இறுகுகிறது. வெளிறுவதையும் நோயில் வெளுப்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னது கொப்பு முழுக்கச் சீராக, கெட்டியாக இருக்கும். பின்னது திட்டுத்திட்டாக, குழைவாக இருக்கும்.

பச்சைப் பாசியைப் பிழிந்து பயிருக்குத் தெளிக்கும் திரவ உரம் செய்கிறவர்களுக்கு விற்பதென்றால் கணக்கு வேறு. அவர்கள் பார்ப்பது சாற்றையும் அதிலிருக்கும் பொட்டாசியத்தையும் வளர்ச்சி ஊக்கிகளையும். தை மாதத்துக் கொழுத்த பாசி அவர்களுக்கு மிகவும் பொருத்தம். யாருக்கு விற்கப்போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு அறுக்கிற நாளைக் குறித்தால் நல்லது.

காயவைப்பதில் நாங்கள் இழந்ததும் கொஞ்சமல்ல. மணலில் நேராகப் போட்டால் மணல் ஒட்டும், எடைக்குக் கழிப்பார்கள். வலை விரித்து அதன் மேல் போட வேண்டும். இரண்டு மூன்று நல்ல வெயிலில் பாசி மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்பு இல்லை. நன்றாகக் காய்ந்ததற்கு அதுதான் அடையாளம், தட்டி உதிர்க்க வேண்டாம். பாதி காய்ந்த பாசியில் ஒரு மழை விழுந்தால் அந்த உப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும், மறுநாளே புளித்த வாடை வரும். 45 நாள் கடலில் சேர்த்ததை ஒரு மணி நேரத்தில் இழந்துவிடுவோம். தார்ப்பாய் இல்லாமல் காயப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அறுக்கும்போது முறிந்து விழுகிற துண்டுகளைக் கடலில் விடக் கூடாது. எந்தக் கொப்பும் எங்கேயும் வளரும் என்பதுதான் இந்தப் பாசியின் பலம், ஆபத்தும் அதுவே. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் இது படர்ந்து மூடியதை 2008-லேயே விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். அதற்கும் முன்பே, 2005-ல், இந்தப் பாசியை எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று அரசு எல்லை வகுத்துவிட்டது. என் அம்மா முங்கிய பார்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் மிதவைக்கு அடியில் வலையைக் கட்டியபடியே அறுக்கிறோம், விழுந்ததை அள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிறோம்.

இன்று பங்குனி 20. மதியம் நோட்டில் 31.2 என்று எழுதினேன், நேற்று 31.1, அதற்கு முந்தின நாளும் 31-க்கு மேல்தான். காற்று இல்லை. நாளை விடியற்காலை மதினியும் நானும் 12 மிதவையை உள்ளே இழுக்கப் போகிறோம். வள்ளத்துக்குச் சொல்லியாகிவிட்டது.